திருத்தந்தையின் ஆவணத்தைக் கர்தினாலே மறுத்தால் அன்பியத்தில் எப்படி விளக்குவது?

கீழவாசல்_அன்பியம் (கேள்வி):

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

மதுரையில் ஒரு பங்கின் அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு திருஅவைக் குழு) பகிர்வு தயாரிக்க வேண்டும். இருபது குடும்பம் வரும், மொட்டை மாடி, அரை மணி நேரம். தலைப்பைக் கொடுத்தவர்கள் இப்படிக் கொடுத்திருக்கிறார்கள்: “கர்தினால்களும் ஆயர்களும் திருத்தந்தையோடு வெளிப்படையாக முரண்படலாமா?”

வாட்ஸ்அப்பில் சுற்றுவது மூன்று வகை. ஒரே பாலின இணையருக்கு ஆசி தருவது பற்றி ரோமாபுரியிலிருந்து 2023 டிசம்பரில் வந்த ஃபிதூச்சியா சுப்ளிகான்ஸ் அறிக்கையை வைத்து “ரோமாபுரி தப்பறையில் (தவறான போதனையில்) விழுந்தது” என்பது ஒன்று. ஆப்பிரிக்க ஆயர்கள் அதை ஏற்கவில்லை, ஆகவே அவர்கள் திருஅவையை விட்டே போய்விட்டார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது, நான்கு கர்தினால்கள் திருத்தந்தைக்கு அனுப்பிய “துபியா”. அது சந்தேகம் கேட்டதா, குற்றம் சாட்டியதா என்றே புரியவில்லை.

கேட்க நினைப்பது இவ்வளவுதான்: இப்படி மறுப்பது திருஅவைச் சட்டப்படி தவறா? பொதுநிலையினர் யார் பக்கமாவது நின்றே ஆக வேண்டுமா? இருபது குடும்பத்துக்கும் புரிகிற மாதிரி எங்கிருந்து தொடங்குவது?

திருச்சட்டம்_படிப்பவர்:

“முரண்படலாமா” என்று தொடங்கினால் அரை மணி நேரமும் சண்டையில்தான் போகும். “எதோடு முரண்படுகிறார்?” என்று தொடங்குங்கள். திருத்தந்தை வாயிலிருந்து வருவதெல்லாம் ஒரே எடை என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. விமானத்தில் நிருபருக்குச் சொன்ன பதிலும் 1950 நவம்பர் 1 அன்று பனிரெண்டாம் பத்திநாதர் மாதாவின் விண்ணேற்பை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததும் ஒன்றல்ல.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது வழுவா வரத்தோடு (போதனையில் பிழை நேராது என்ற உறுதியோடு) வரையறுத்த கோட்பாடு. முதல் வத்திக்கான் சங்கம் 1870 ஜூலை 18 அன்று அதன் நிபந்தனைகளைச் சொன்னது. திருச்சட்டம் 749-இன் 3-ஆம் பிரிவு இன்னும் ஒரு பூட்டுப் போடுகிறது: வழுவா வரத்தோடு வரையறுத்தது என்பது ஐயமில்லாமல் தெரிந்தால் ஒழிய எதையும் அப்படிக் கொள்ளக் கூடாது. இந்த ஒரு வரியே பாதி ஃபார்வர்டுகளுக்குப் பதில். அதற்கு அடுத்து, அப்படி வரையறுக்காவிட்டாலும் இறுதியானதாக முன்வைக்கும் போதனை. மூன்றாவது, 752-ஆம் சட்டம் பேசும் சாதாரணப் போதனை. இதற்குக் கேட்பது விசுவாசத்தின் இசைவு அல்ல, மனமும் அறிவும் காட்டும் சமயப் பணிவு. பணிவு என்றால் வாயை மூடிக்கொள்வது இல்லை, “எனக்குப் பிடிக்கலை, ஆளை விடு” என்பதும் இல்லை. போதிக்கிறவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு முதலில் முயன்று புரிந்துகொள்வது. இவற்றுக்கெல்லாம் வெளியே ஒழுங்குமுறை ஆணைகளும் மேய்ப்புப்பணி வழிகாட்டல்களும் இருக்கின்றன. இன்று கட்டுப்படுத்தும், நாளை மாறலாம்.

ஒரே ஆவணத்தில் இவை கலந்து வரும், அங்கேதான் சிக்கல். ஃபிதூச்சியாவில் 4-ஆம் பத்தி, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது, அதோடு குழப்பம் உண்டாக்கும் எந்தச் சடங்கும் செபமும் கூடாது என்கிறது. இது பழைய கோட்பாடு. 31-ஆம் பத்திதான் புதிது: ஒழுங்கற்ற நிலையில் வாழும் இணையரும் ஒரே பாலின இணையரும் வந்து கேட்டால் வழிபாட்டுச் சடங்கு அல்லாத எளிய ஆசி தரலாம். 38, 39-இல் வேலி கட்டுகிறார்கள்: இதற்கென்று சடங்குமுறை எழுதக் கூடாது, அரசுப் பதிவு நடக்கும் சமயத்தையோ அதன் கொண்டாட்டத்தையோ ஒட்டிக் கொடுக்கக் கூடாது, திருமண உடையும் சைகைகளும் கூடாது.

இப்போது ஆப்பிரிக்கா. விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் தலைவர் கர்தினால் ஃபெர்னாண்டஸ் 2024 ஜனவரி 4 அன்று ஒரு விளக்கம் விட்டார். பத்துப் பதினைந்து நொடி ஆசிதான் இது, உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்ப முன்பின் இருக்கலாம், ஆனால் முற்றாக மறுக்க இடமில்லை என்பது அதன் சாரம். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 11 அன்று, ஆப்பிரிக்க ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு சார்பில் கின்ஷாசா கர்தினால் அம்போங்கோ கையெழுத்திட்ட கடிதம் வந்தது. ஒரே பாலின இணையருக்கான ஆசி எங்கள் திருஅவைகளில் பொருத்தமில்லை, திருத்தந்தையோடு எங்கள் ஒன்றிப்பில் மாற்றமில்லை என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. திருத்தந்தை பிரான்சிஸ், கர்தினால் ஃபெர்னாண்டஸ் இருவரின் ஒப்புதலும் இதற்கு உண்டு என்றும் அதிலேயே எழுதியிருந்தது. “பிரிந்து போய்விட்டார்கள்” என்று எழுதுகிறவர் அந்தக் கடிதத்தைத் திறந்தே பார்க்கவில்லை. ஜனவரி 4-இன் “முற்றாக மறுக்க இடமில்லை” என்பதும் 11-இன் “பொருந்தாது” என்பதும் முழுதாக ஒட்டவில்லை என்பது வேறு விஷயம். அதை மழுப்பாமல் கூட்டத்தில் சொல்லலாம், குடி முழுகிவிடாது.

பிரிவினை என்ற சொல்லுக்கு 751-ஆம் சட்டத்தில் வரையறை இருக்கிறது: திருத்தந்தைக்குப் பணிய மறுப்பது, அல்லது அவருக்குக் கீழ்ப்பட்டவர்களோடு ஒன்றிப்பை மறுப்பது. அமெரிக்காவில் திருத்தந்தையின் தூதராக இருந்த பேராயர் விகனோவை 2024 ஜூலையில் திருஅவை ஒன்றிப்புக்குப் புறம்பாக்கியது இதற்காக. பிரான்சிசைத் திருத்தந்தையாகவே ஏற்கவில்லை, இரண்டாம் வத்திக்கான் சங்கமும் செல்லாது என்று வெளிப்படையாகச் சொன்னார். துபியா அனுப்பிய கர்தினால்கள் யாருக்கும் அதற்காக அப்படி ஒரு தண்டனை கிடையாது. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

துபியா என்பது ரோமை அலுவலகங்களில் நெடுநாள் வழக்கம். வேறொன்றுமில்லை, “ஆம், இல்லை” என்று பதில் வரும்படி எழுதும் ஐயவினா. 2016 செப்டம்பரில் பிராண்ட்முல்லர், பர்க், கஃபாரா, மைஸ்னர் ஆகிய நால்வரும், குடும்பம் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய அமோரிஸ் லெத்தீசியா ஆவணத்தின் 8-ஆம் அதிகாரம் பற்றி ஐந்து வினா அனுப்பினார்கள். பதில் வரவில்லை, நவம்பரில் வெளியிட்டார்கள். கேட்டது முறைதான், வெளியிட்டது சரியா என்பதில்தான் இன்றுவரை வழக்கு. கேள்வியா குற்றச்சாட்டா என்று கேட்டிருந்தீர்கள். வடிவம் கேள்வி. பதில் “ஆம்” என்றாலும் “இல்லை” என்றாலும் ஒரு பக்கம் இடிக்கும்படி அமைத்த கேள்வி என்பது என் வாசிப்பு.

மறைக்கல்வி_டீச்சர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் நம் ஊரில் இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சட்டம் இல்லை, தமிழ்.

“ஒரே பாலினத் தம்பதிகளை மந்திரிக்க ரோமாபுரி அனுமதி.” ஃபார்வர்டில் வரும் இந்தத் தலைப்பை அன்பியத்தில் வாசித்துக் காட்டி, என்ன புரிகிறது என்று ஒரு பாட்டியிடம் கேளுங்கள். “கல்யாணம் பண்ணி வைக்கலாமாம்” என்பார். அவர் மேல் தப்பில்லை. வீடு மந்திரிப்பு, வண்டி மந்திரிப்பு, தேர் மந்திரிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். ஆனால் ஒரு ஜோடியோடு சேர்த்து “மந்திரித்து” என்றால் காதில் விழுவது தாலி மந்திரிப்பு மட்டும்தான். போதாக்குறைக்குத் “தம்பதி”. தமிழில் அது கணவன் மனைவியைத் தவிர வேறு யாரையும் குறிக்காது. ஆக அந்தத் தலைப்பு ஆவணத்தின் 4-ஆம் பத்தி மறுப்பதையே ஆவணம் அனுமதித்ததாகச் சொல்லிவிடுகிறது. “இணையர்”, “எளிய ஆசி” என்று வாசியுங்கள், பாதிச் சூடு இறங்கிவிடும்.

மிச்சப் பாதி இறங்காது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2021-இல் இதே துறைதான் ஒரே பாலின உறவுகளுக்கு ஆசி வழங்கத் திருஅவைக்கு அதிகாரம் இல்லை என்று பதில் சொன்னது. மூன்று ஆண்டு கூட ஆகவில்லை. ஆசி பெறுவது உறவா, ஆட்களா என்ற வேறுபாட்டில்தான் இரண்டு ஆவணமும் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கின்றன. இருவர் சேர்ந்து வந்து, சேர்ந்து நின்று வாங்கும்போது அந்த வேறுபாட்டைப் பீடத்துக்குக் கீழே இருந்து பார்ப்பவர் கண்டுபிடிப்பாரா என்பதுதான் மறுத்த ஆயர்களின் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது.

கூட்டத்துக்குச் செய்முறை ஒன்று. ஃபார்வர்டைப் படிக்கவே வேண்டாம். 4, 31, 38, 39 ஆகிய நான்கு பத்திகளை மட்டும் தமிழில் எழுதி, ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். ஆளுக்கொரு பத்தியாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடியும் வரை கருத்து சொல்லக் கூடாது. நான்கு பத்திக்குப் பத்து நிமிடம் ஆகும். வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் 31. “ஆசி” என்றதுமே ஒருவர் கை தூக்குவார், 38-ஐ வாசிக்க விடமாட்டார். 38, 39 வரை இழுத்துக்கொண்டு போய்விட்டால் பிறகு வரும் கேள்விகளே வேறாக இருக்கும்.

வத்தலக்குண்டு_வாசகன்:

எல்லாரும் சட்டத்தையே பிடிச்சுத் தொங்குறீங்களே. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்துல பவுல் கேபாவை, அதான் பேதுருவை, அந்தியோக்கியாவுல வச்சு எல்லார் முன்னாடியும் கண்டிச்சாரா இல்லையா? மேய்ப்பர்கிட்ட கருத்துச் சொல்ற உரிமை பத்தின 212-ஆம் சட்டம் அன்னைக்கு இருந்துச்சா? தலைவர் தடுமாறுனா நேருக்கு நேரா சொல்றது அப்போஸ்தலர் காலத்து மரபு.

இன்னொண்ணு. இன்னைக்கு “திருத்தந்தைக்குப் பணி”ன்னு பாடம் எடுக்குற கூட்டத்துல பாதிப்பேர் 1968-ல எங்க இருந்தாங்க? ஆறாம் பவுல் ஜூலை 25-ந் தேதி ஹுமானே வீத்தே விட்டாரு, செயற்கைக் கருத்தடை கூடாதுன்னாரு. ரெண்டே மாசத்துல கனடா ஆயர்கள் வின்னிபெக்ல கூடி, மனச்சாட்சிப்படி முயற்சி பண்ணியும் முடியாதவங்க நேர்மையாத் தனக்குச் சரின்னு படுற வழியை எடுத்துக்கலாம்ங்குற மாதிரி அறிக்கை விட்டாங்க. ஹுமானே வீத்தே சுற்றுமடல், ஃபிதூச்சியாவை விடப் பெரிய படி. அப்ப அதை மறுத்தது முற்போக்கு, இப்ப இதை மறுக்குறது கலகமா?

மதுரையில இருந்துக்கிட்டு இதைப் பேசுறோம். தத்துவ போதகர் நொபிலி சாமி கோவா பேராயரையே எதிர்த்து நின்னு ஜெயிச்சவரு. நம்ம மிஷனே அப்படி உருவானதுதான்.

மதுரை_மிஷன்_வரலாறு:

வின்னிபெக் பற்றிச் சொன்னது நியாயமான அடி, வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். அந்தியோக்கியா வாதம் நிற்காது. பவுல் கேபாவைக் கண்டித்தது போதனைக்காக அல்ல. பிற இனத்தாரோடு உண்டு வந்தவர், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். நடத்தை போதனைக்கு ஒத்து வரவில்லை என்பதே குற்றம். தெர்த்துல்லியனும் இதை நடத்தைப் பிழை என்றே வைத்தார். ஆவணத்தின் கோட்பாடே பிழை என்பவருக்கு இது முன்மாதிரி ஆகாது.

நொபிலி கதையைச் சரியாக வரிசைப்படுத்துவோம், ஏனென்றால் இந்தக் கூட்டத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இத்தாலிய இயேசு சபைக் குருவான அவர் 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி, பூணூல், சந்தனம், மரக்கறி உணவு என்று இந்நாட்டுத் துறவி போல வாழ்ந்தார். முதல் புகார் வெளியிலிருந்து வரவில்லை. மதுரையில் முன்பே பரவ கிறிஸ்தவர்களுக்காகப் பணி செய்துகொண்டிருந்த அவரது சொந்தச் சபையின் கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் சாமியிடமிருந்து வந்தது. மதுரை அப்போது கிராங்கனூர் (கொடுங்கல்லூர்) பேராயரின் கீழ். அவர், ஃபிரான்சிஸ்கோ ரோஸ், நொபிலி பக்கம். கோவா பேராயர் கிறிஸ்தோவாவ் த சா எதிர்ப்பக்கம். 1619-இல் கோவாவில் கூட்டம் போட்டார்கள், பெரும்பான்மை நொபிலிக்கு எதிராகப் போனது. வழக்கு ரோமாபுரிக்குப் போய், 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி ஆணை வந்தது: பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை மூடநம்பிக்கை கலக்காமல் இருந்தால் அனுமதி.

ஆக அவர் எதிர்த்தது திருத்தந்தையை அல்ல. பூணூல் என்பது குலத்தின் அடையாளமா, வழிபாட்டின் அடையாளமா என்பதற்குச் சமஸ்கிருத நூல்களிலிருந்து சான்று எடுத்து, இலத்தீனில் விளக்கம் எழுதி, ரோமாபுரியின் தீர்ப்புக்குக் காத்திருந்தார். இன்னொரு சிறு விஷயத்தையும் பாருங்கள். அந்த ஆணையிலேயே “நாமும் திருப்பீடமும் மேற்கொண்டு ஆராயும் வரை” என்று ஒரு வரி இருக்கிறது. தற்காலிக அனுமதி. வென்றவர்கள் அந்த வரியை மறந்துவிட்டார்கள்.

வத்தலக்குண்டுக்காரர் தேடும் எடுத்துக்காட்டு அதற்கு எண்பது ஆண்டு கழித்து இருக்கிறது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன், 1704-இல் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆணை விட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, 108 இழை மஞ்சள் கயிறு கூடாது, திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கை விடக் கூடாது என்று போகிறது. மனிதர் புதுச்சேரியைத் தாண்டி மதுரை மிஷனுக்குள் காலே வைக்கவில்லை. கோவா பேராயரும் மயிலாப்பூர் ஆயரும் இந்த ஆணை தங்கள் மறைமாவட்டங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். அவர்கள் நின்றது போர்த்துகீசிய அரசரின் பதுரவாதோ உரிமை (ஆயர்களை முன்மொழியும் உரிமை) மேல். கோட்பாட்டின் மேல் அல்ல. (தூர்னோன் பெயருக்கு அந்தியோக்கியா மறைமுதுவர். அந்தியோக்கியா நம்மை விடுவதாக இல்லை.)

பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1744 செப்டம்பர் 12 அன்று ஓர் ஆணையால் இந்தச் சடங்கு வழக்கை ஒரே அடியாக முடித்து வைக்கும் வரை நாற்பது ஆண்டு இழுத்தது. இடையில் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ரோமாபுரிக்கும் இங்கேயும் கடிதம் போய்வர ஓராண்டுக்கு மேல் ஆகும். சலுகை உண்டு என்று சிலரும் இல்லை என்று சிலரும் நடத்தினார்கள்.  வீரமாமுனிவர் இங்கே ஊழியம் செய்த காலத்தின் பெரும்பகுதி இதற்குள்தான் அடங்கும். 1744-க்குப் பிறகு மிஷனரிகள் எல்லாரும் அந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியத்தை 1940-இல்தான் நீக்கினார்கள்.

இன்றைக்கு அதே இடைவெளி. மால்ட்டா ஆயர்கள் 2017 ஜனவரியில் அமோரிஸ் லெத்தீசியாவை வைத்து, மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர் தெளிந்து தேர்ந்து மனச்சாட்சிப்படி நற்கருணை பெற வழி இருக்கிறது என்றார்கள். அதே ஆண்டு இறுதியில் கஜகஸ்தான் ஆயர்கள் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். ஆவணம் ஒன்று. தாமதம் கடிதத்தில் இல்லை, பதிலில்.

கீழவாசல்_அன்பியம்:

நன்றி. தாலிப் பகுதியைக் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன், எங்கள் பக்கம் அது உடனே புரியும். ஒன்று பாக்கி. கூட்டம் முடிந்து “ஆயருக்கு ஒரு மனு எழுதுவோம், எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்” என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். பொதுநிலையினர் எழுதலாமா? எழுதினால் எப்படி?

திருச்சட்டம்_படிப்பவர்:

எழுதலாம். 212-ஆம் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அதை உரிமை என்கிறது, சில நேரம் கடமை என்றே சொல்கிறது. நிபந்தனைகளும் அதே வாக்கியத்தில் உண்டு: எழுதுகிறவரின் அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்ப, விசுவாசமும் ஒழுக்கமும் குலையாமல், மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோடு, பொதுநலனையும் ஆட்களின் மாண்பையும் மனதில் வைத்து. “உரிமை” வரை வாசித்துவிட்டு முற்றுப்புள்ளி வைக்கிறவர்கள்தான் அதிகம்.

கையெழுத்து வேட்டை வேண்டாம். இருபது குடும்பத்தின் கையெழுத்து ஆயருக்குச் சொல்வது “இருபது குடும்பம் கோபமாக இருக்கிறது” என்பதை மட்டும்தான். கேள்வி என்ன என்பதைச் சொல்லாது. ஒருவர், அல்லது இருவர் மூவர், பெயர், பங்கு, அன்பியம், தொலைபேசி எண் போட்டு எழுதுங்கள். மொட்டைக் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். ஒரு பக்கம், ஒரே விஷயம். ஆவணத்தின் பெயர், தேதி, பத்தி எண், அந்தப் பத்தியின் வாசகம். அதில் புரியாதது என்ன, உங்கள் பங்கில் அதனால் நடந்த குழப்பம் என்ன. கடைசியில் கேட்பது ஒன்றாக இருக்கட்டும், ஆயர் செய்யக்கூடியதாக இருக்கட்டும்: “இது பற்றி மறைமாவட்டத்தில் வழிகாட்டல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறோம்” போதும். “திருத்தந்தையிடம் சொல்லித் திருத்துங்கள்” என்பது அவரால் ஆகாத காரியம். திருத்தந்தையின் ஆணைக்கு எதிராக மேல்முறையீடே கிடையாது, 333-ஆம் சட்டம்.

பங்குத்தந்தைக்கு முதலில் காட்டுங்கள். அவர் தலைக்கு மேலே போனால் கடிதம் திரும்பி அவர் மேசைக்கே வரும், கூடவே மனத்தாங்கலும் வரும். நகல் வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்ட்டில் ஆயர் இல்லத்துக்கு அனுப்புங்கள். அனுப்பிய அன்றே குரூப்பில் போட்டோ போடாதீர்கள். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1990-இல் இறையியலாளருக்கு எழுதிய அறிவுறுத்தலில் 30-ஆம் எண் இதைத்தான் சொல்கிறது: கருத்து வேறுபாட்டை ஊடகத்துக்குக் கொண்டு போகாமல் உரிய அதிகாரியிடம் கொண்டு போ. இறையியலாளருக்கே அப்படி என்றால் நமக்கு வாட்ஸ்அப்பும் ஊடகம்தான்.

வத்தலக்குண்டு_வாசகன்:

பதில் வரலைன்னா? நாலு கர்தினாலுக்கே வரலை.

திருச்சட்டம்_படிப்பவர்:

மூன்று மாதம் பொறுத்து, பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் மறைமாவட்ட முதன்மைக் குருவிடம் நேரம் கேட்டு நேரில் போங்கள், நான்கு பத்தி உள்ள அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு.

கீழவாசல்_அன்பியம்:

சரி. நாளைக்கு 4, 31, 38, 39 ஜெராக்ஸ். டீச்சர், உங்கள் தமிழ் வடிவத்தில் 31-ஐ மட்டும் ஒருமுறை இங்கே போட முடியுமா? “ஆசி” என்று வரும் இடத்தில் கை தூக்குகிறவர் எங்கள் அன்பியத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள்.